நெளிசாலையில் ஒரு வீட்டு வண்டி

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில் கிம்பர்லி என்றொரு பகுதி உண்டு. செம்மண்ணும், வயிறு பருத்த போவாப் மரங்களும், கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த மாட்டுப் பண்ணைகளும் நிறைந்த நிலம் அது. அதன் ஊடே, டெர்பி நகரின் அருகிலிருந்து கிழக்கே குனுனுரா நகரின் பக்கமாகச் செல்லும் கிப் ரிவர் சாலையின் நீளம் ஏறத்தாழ 660 கி.மீ. பண்ணைகளிலிருந்து மாடுகளை டெர்பி, விண்டம் துறைமுகங்களுக்குக் கொண்டு செல்வதற்காக 1960-களில் போடப்பட்ட சாலை இது. பிற்காலத்தில் சில பகுதிகளுக்குத் தார் இடப்பட்டுள்ளது. ஆயினும் பெரும்பகுதி இன்றும் சரளையும் மண்ணும்தான். மழைக்காலத்தில் ஆறுகள் பெருகிச் சாலை அடைபட்டுவிடும். வறண்ட மாதங்களில் சுற்றுலாப் பயணிகள் இவ்வழியே வருகின்றனர். அவர்களில் பலர் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய சிறிய வீட்டு வண்டிகளில் வருபவர்கள். மோட்டார்ஹோம் என்றும் கேம்பர்வேன் என்றும் இவ்வண்டிகளை அழைப்பர்.

அத்தகைய வண்டி ஒன்றின் ஓட்டுநர் இருக்கையில் நீங்கள் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். தார் முடிந்து மண் தொடங்குகிறது. சாலையின் குறுக்கே வரிவரியாக மேடும் பள்ளமும் தெரிகின்றன. தகரக் கூரையின் நெளிவைப் பெரிதாக்கித் தரையில் விரித்தாற்போல் இருக்கிறது. வேகம் 30 கி.மீ. ஆனதும் வண்டி முழுவதும் நடுங்குகிறது. பின்னால் அலமாரிக் கதவு திறந்துகொள்கிறது, தட்டுகள் உருளுகின்றன, உங்கள் பற்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அஞ்சி வேகத்தைக் குறைக்கிறீர்கள். ஆட்டம் தணிகிறது. ஆனால் இப்படி ஊர்ந்தால் எப்போது போய்ச் சேருவது?

எதிர்த் திசையில் வந்தவர் வண்டியை நிறுத்தி ஒரு யோசனை சொல்கிறார்: "இந்தச் சாலையில் மெதுவாகப் போகக்கூடாது. 80-க்குக் கொண்டு போங்கள், வண்டி மிதக்கும்!" அரைமனத்துடன் அழுத்துகிறீர்கள். 40, 50, 60... நடுக்கம் தாங்க முடியவில்லை. 80-ஐ நெருங்கும்போது ஒரு வியப்பு நிகழ்கிறது. நடுக்கம் அடங்கிவிடுகிறது! தட்டுகளின் ஓசை நின்றுவிடுகிறது. சொன்னவர் சரியாகத்தான் சொன்னார் என்று மகிழ்கிறீர்கள்.

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. மறுபாதி உயிருக்கே ஆபத்தானது. இரண்டையும் பிரித்தறிவதற்குப் பள்ளி இறுதி வகுப்பு இயற்பியலே போதும்.

சாலையில் அலை வந்தது எப்படி?

முதலில் இந்த வரிப்பள்ளங்களை யார் வெட்டினார்கள்? எவரும் வெட்டவில்லை. சக்கரங்களே உண்டாக்கிக்கொண்டவை இவை. கிரேடர் என்னும் இயந்திரத்தால் சாலையைச் சமமாகச் சீவிவிட்டாலும், வண்டிகள் ஓட ஓட அலைகள் மீண்டும் தோன்றிவிடுகின்றன.

வண்டியின் ஸ்பிரிங் ஆடுவதால்தான் சாலையிலும் அலை பதிகிறது என்பது நெடுங்காலம் நிலவிய கருத்து. நானும் சில ஆண்டுகள் வகுப்பில் அப்படியே சொல்லி வந்தேன். அது முழு உண்மையன்று. 1963-ஆம் ஆண்டிலேயே கீத் மேதர் என்ற இயற்பியலறிஞர் சயண்டிஃபிக் அமெரிக்கன் இதழில் இச்சிக்கலை ஆராய்ந்து எழுதினார். பின்னர் 2007-இல் டாபர்லே, மோரிஸ், மக்கெல்வெய்ன் ஆகிய மூவர் ஒரு தெளிவான சோதனையை வெளியிட்டனர். சுழலும் வட்டமேடை ஒன்றில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சிறு சக்கரத்தை உருளவிட்டனர். சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. அது காற்றடைத்த டயரும் அன்று. அப்படியிருந்தும் மணலில் அலைகள் எழுந்தன! உருளாத ஒரு சாய்ந்த தகட்டை மணல்மேல் இழுத்தபோதும் அலைகள் தோன்றுவதைப் பின்னர் வந்த சோதனைகள் காட்டின.

காரணம் இதுதான். சாலையில் எங்கோ ஒரு சிறு மேடு இருக்கிறது. சக்கரம் அதில் ஏறி மேலே தத்துகிறது. சற்றுத் தள்ளி வந்து விழுகிறது. விழுந்த இடத்தில் மண்ணைத் தோண்டி முன்னே தள்ளுகிறது. தள்ளப்பட்ட மண் அடுத்த மேடாகிறது. அடுத்து வரும் சக்கரம் அதிலும் ஏறித் தத்துகிறது. குளத்து நீரின்மேல் தட்டையான ஓட்டாஞ்சில்லை எறிந்தால் அது தத்தித் தத்திச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே நிகழ்ச்சிதான் இதுவும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே சென்றால் சக்கரம் தத்துவதில்லை, அலையும் வளர்வதில்லை. மோட்டார் வண்டிகளுக்கு அந்த வேகம் மணிக்கு ஏறத்தாழ 8 கி.மீ. அளவில்தான் இருக்கிறது. 660 கி.மீ. சாலையில் அவ்வேகத்தில் யார் போவார்கள்? ஆகவே மண்சாலை உள்ளவரை அலையும் இருக்கும் என்றே கொள்ளவேண்டும்.

சாலை எழுப்பும் அதிர்வெண்

ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடுவரை உள்ள தொலைவே இங்கு அலைநீளம். அது பெரும்பாலும் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர்வரை இருக்கும். நம் கணக்குக்கு 0.75 மீ. என்று கொள்வோம். வண்டியின் வேகத்தை இந்த அலைநீளத்தால் வகுத்தால், சாலை சக்கரத்தை ஒரு வினாடிக்கு எத்தனை முறை தூக்கி எறிகிறது என்பது கிடைக்கும்.

மணிக்கு 30 கி.மீ. என்பது வினாடிக்கு 8.3 மீ. இதை 0.75-ஆல் வகுத்தால் 11 வருகிறது. அதாவது வினாடிக்கு 11 அடிகள். 80 கி.மீ. வேகத்தில் இது வினாடிக்கு 30 ஆகிறது. நடைவேகமான 4 கி.மீ.-இல் ஒன்றரைதான்.

இனி வண்டியைப் பார்ப்போம். நம் வீட்டு வண்டியின் மொத்த எடை 3,300 கி.கி. என்க. இதில் 3,000 கி.கி. ஸ்பிரிங்குகளின்மேல் அமர்ந்திருக்கும் உடல். மீதி 300 கி.கி. சக்கரங்கள், அச்சுகள் முதலியவை. ஆக ஒவ்வொரு சக்கரத்தின் பங்கிலும் கீழே 75 கி.கி., மேலே 750 கி.கி.

மேலே உள்ள சுமையால் ஸ்பிரிங் 10 செ.மீ. அமுங்கியிருந்தால், உடலின் இயல்பதிர்வெண் வினாடிக்கு 1.6 ஆகும். அமுங்கிய அளவு ஒன்றைக்கொண்டே இதனைக் கண்டுவிடலாம்: புவியீர்ப்பு முடுக்கத்தை அந்த அளவால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, இரண்டு பையால் வகுக்கவேண்டும். சக்கரத்தின் கதை வேறு. அது மேலே ஸ்பிரிங்குக்கும் கீழே டயருக்கும் இடையே அகப்பட்டிருக்கிறது. காற்றடைத்த டயர் மிக விறைப்பான ஸ்பிரிங் போன்றது. சக்கரமோ எடை குறைந்தது. ஆகையால் சக்கரத்தின் இயல்பதிர்வெண் அதிகம். வினாடிக்கு 10 முதல் 15 வரை.

இப்போது புதிர் அவிழ்கிறது. 30 கி.மீ. வேகத்தில் சாலை தரும் 11 அடிகளும் சக்கரத்தின் இயல்பதிர்வும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. ஊஞ்சல் திரும்பும் ஒவ்வொரு முறையும் சரியான தருணத்தில் தள்ளினால் வீச்சு வளர்ந்துகொண்டே போகுமல்லவா? அதே ஒத்ததிர்வுதான் இங்கும். வேகம் 80 ஆகும்போது சாலையின் அதிர்வெண் சக்கரத்தின் இயல்பதிர்வெண்ணைக் கடந்து வெகுதூரம் போய்விடுகிறது. அடியின் வேகத்துக்கு ஈடுகொடுத்துச் சக்கரத்தால் ஏறி இறங்க முடிவதில்லை. எனவே நடுக்கம் அடங்குகிறது. எதிரே வந்தவர் சொன்னதில் உண்மையான பாதி இதுவே.

மிதப்பதன் பொருள்

இனி மறுபாதிக்கு வருவோம். ஈடுகொடுக்க முடியாத சக்கரம் எங்கே இருக்கிறது?

பள்ளத்தின் ஆழம் 5 செ.மீ. என்று கொள்வோம். முகட்டைத் தாண்டிய சக்கரத்தைக் கீழே தள்ளும் விசை எது? மேலே உள்ள 750 கி.கி. சுமை ஸ்பிரிங் வழியாகத் தள்ளுகிறது. சக்கரத்தின் சொந்த எடையும் சேர்கிறது. மொத்தம் 825 கி.கி. எடை 75 கி.கி. பொருளைத் தள்ளுவதால், சக்கரம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 11 மடங்கு முடுக்கத்துடன், அதாவது 108 மீ./வி² அளவில், இறங்கும். ஸ்பிரிங் விரியும்போது விசை சற்றுக் குறையும். எளிமைக்காக அதனை விட்டுவிடுவோம்.

30 கி.மீ. வேகத்தில் முகட்டிலிருந்து பள்ளத்தின் அடிவரை செல்ல 0.045 வினாடி ஆகிறது. இந்நேரத்தில் சக்கரத்தால் 10 செ.மீ.-க்கும் மேல் இறங்க இயலும். எனவே அது பள்ளத்தின் அடிவரை தரையைத் தொட்டே சென்று, அடுத்த மேட்டில் பலமாக மோதுகிறது. 80 கி.மீ. வேகத்திலோ அதே தொலைவைக் கடக்க வினாடியில் அறுபதில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. அதற்குள் சக்கரம் இறங்குவது 1.5 செ.மீ. மட்டுமே. நசுங்கியிருந்த டயர் சுமை நீங்கி விரிவதற்கு இன்னும் 2 செ.மீ. சேர்த்துக்கொண்டாலும் பள்ளத்தின் அடியை அது தொடாது.

அப்படியானால் மிதப்பது என்பதன் பொருள் என்ன? சக்கரம் முகடுகளை மட்டும் தொட்டுத் தொட்டுச் செல்கிறது. இடையில் காற்றில் இருக்கிறது. உங்களுக்குச் சுகமாக இருப்பதற்குக் காரணம், உங்கள் வண்டி சாலையைத் தொடும் நேரம் குறைந்துபோனதுதான்!

ஒரு மாணவரின் கேள்வி

இதை வகுப்பில் விளக்கியபோது ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, வண்டி மேலே பறந்துவிடவில்லையே. சராசரியாகப் பார்த்தால் சாலை வண்டியின் முழு எடையையும் தாங்கித்தானே ஆகவேண்டும்? உராய்வு செங்குத்து விசையைப் பொறுத்தது என்றால், சராசரி உராய்வும் குறையக்கூடாதே?" என்று கேட்டார். மிக நல்ல கேள்வி. அன்று உடனே விடை சொல்ல இயலாமல் மறுநாள்தான் சொன்னேன்.

காற்றில் இழந்த அழுத்தத்தை முகட்டில் மோதும்போது சக்கரம் மொத்தமாகத் திரும்பப் பெறுகிறது என்பது சரியே. ஆனால் டயரின் பிடிப்பு உடனே தோன்றுவதன்று. ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் சிறிது தொலைவு உருண்டு, தன் பக்கங்கள் நெளிந்த பிறகே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் விசை முழுமையாக உண்டாகிறது. அந்தத் தொலைவு சில பத்து செ.மீ. முகட்டின்மேல் சக்கரம் தரையைத் தொட்டிருக்கும் தொலைவு அதற்குப் போதாது. நெளியத் தொடங்கும்போதே அது மீண்டும் காற்றில் எழும்பிவிடுகிறது. பிரேக்கும் அப்படியே. காற்றில் இருக்கும் சக்கரத்தைப் பிரேக் பிடித்தால் அது சட்டென்று சுழற்சி குறைந்துவிடும். தரையில் இறங்கும்போது உருளாமல் உருள்கற்களின்மேல் வழுக்கும். சராசரி எடை காகிதத்தில் சரியாக இருக்கும். வளைவில் வண்டி நேராகப் போய்விடும்.

நிற்கும் தொலைவையும் பாருங்கள். சரளையில் உராய்வுக் குணகம் 0.35 என்றும், கண்ணில் பட்டபின் பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆகிறது என்றும் கொண்டால், 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி 29 மீட்டரில் நிற்கும். 80 கி.மீ. வேகத்தில் 94 மீட்டர் வேண்டும். வேகம் இருமடங்கானபோது தொலைவு மும்மடங்குக்கும் மேலாகிறது. இதுவும் சக்கரம் தரையை விடாமல் இருந்தால்தான். கிம்பர்லிப் பண்ணைகளில் சாலையோரம் வேலி இல்லாத இடங்கள் பல. மாடுகள் சாலையின் நடுவே நிற்கும். முன்னே சென்ற வண்டியின் புழுதி இன்னும் அடங்கியிராது.

மேலும் நம்முடையது சாதாரண கார் அன்று. உயரமான பெட்டி. கட்டிலும் அலமாரியும் தண்ணீரும் சேர்ந்து ஈர்ப்பு மையத்தை உயர்த்தியிருக்கின்றன. பக்கவாட்டில் வழுக்கிய வண்டி, சாலையோரத்தில் குவிந்திருக்கும் மண்ணில் சக்கரம் புதைந்தால் எளிதில் கவிழ்ந்துவிடும். கார் ஓட்டியவரின் அனுபவத்தை வீட்டு வண்டிக்குப் பொருத்திப் பார்ப்பது தவறு என்பதற்கு இதுவே காரணம்.

வீட்டுக்குள் நடப்பது

வேகமாகப் போனால் ஆபத்து. நடுத்தர வேகத்தில் போனால் என்ன? ஓட்டுபவரின் உடல்வலியோடு முடிந்துவிடாது. 660 கி.மீ.-ஐ 0.75 மீ.-ஆல் வகுத்துப் பாருங்கள்: 8,80,000. சாலையின் பாதியில்தான் அலை இருக்கிறது என்றாலும் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட அடிகள். ஓர் அடியால் உடையாத உலோகம் லட்சக்கணக்கான சிறு அடிகளால் களைத்து விரிசல் விடும். பட்டரி தாங்கி, பின்னே தொங்கும் மாற்றுச் சக்கரத்தின் தாங்கி, தண்ணீர்த் தொட்டியின் பட்டை ஆகியவை இவ்வாறே முறிகின்றன. அடுப்புக்குச் செல்லும் எரிவாயுக் குழாயின் இணைப்பும் தளரக்கூடும். சிலிண்டரின் அடைப்பானை மூடிவிட்டே புறப்படவேண்டும்.

திருகாணிகள் தாமாகக் கழல்வதும் உண்டு. 1969-இல் ஜங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இதன் காரணத்தைக் காட்டினார். திருகாணியின் அச்சுக்குக் குறுக்காக ஆட்டம் ஏற்படும்போது, மரைகளுக்கிடையே உராய்வு கணநேரம் தோற்றுப்போய், இறுக்கமே திருகாணியைப் பின்னோக்கிச் சுழற்றிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு நாள் காலையிலும் முக்கியமான நட்டுகளைச் சோதிப்பது வீண்வேலை அன்று.

ஷாக் அப்சார்பரும் கவனிக்கத்தக்கது. அசைவின் ஆற்றலை எண்ணெயின் வழியே வெப்பமாக மாற்றுவதே அதன் பணி. மணிக்கணக்கில் இடைவிடாது ஆடினால் எண்ணெய் சூடேறி இளகிவிடும். தணிக்கும் திறன் குறையும். சக்கரம் மேலும் குதிக்கும். ஆகவே இடையிடையே வண்டியை நிறுத்தி ஆறவிடுவது நல்லது.

புழுதிக்கும் ஓர் இயற்பியல் உண்டு. பெட்டி வடிவ வண்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறைகிறது. எழும்பிய புழுதி அங்கே சுழன்று, பின்கதவின் இடுக்குகள் வழியே உள்ளே புகுகிறது. பின்பக்கச் சன்னலையும் கூரைத் திறப்பையும் மூடி, முன்புறமிருந்து விசிறியால் வெளிக்காற்றை உள்ளே செலுத்தினால் உள்ளழுத்தம் சற்று உயரும். புழுதி வருவது குறையும். எதிரே புழுதி கிளப்பும் வண்டி இல்லாதபோதுதான் இந்த முறை பயன்படும்.

காற்றைக் குறைப்பதன் கணக்கு

பின் என்னதான் செய்வது? வேகத்தில் மட்டும் விடையைத் தேடாமல், டயரிலும் தேடவேண்டும்.

தார்ச்சாலையில் நம் டயரின் காற்றழுத்தம் 60 பவுண்டு, அதாவது ஒரு சதுர செ.மீ.-க்கு 4.2 கி.கி. என்க. 825 கி.கி. சுமையைத் தாங்க டயர் தரையில் ஏறத்தாழ 196 சதுர செ.மீ. பரப்பை ஊன்றவேண்டும். அழுத்தத்தை 40 பவுண்டாகக் குறைத்தால், அதாவது 2.8 கி.கி. ஆக்கினால், பரப்பு 295 சதுர செ.மீ. ஆகிறது, ஒன்றரை மடங்கு. டயர் நீளமாகப் படிகிறது. கூரிய கல்லின்மேல் துளைபடாமல் வளைந்து கொடுக்கிறது. விறைப்புக் குறைவதால் அடியின் ஒரு பகுதியைத் தானே விழுங்கி, மேலே அனுப்புவதைக் குறைக்கிறது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. காற்று குறைந்த டயரின் பக்கங்கள் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக மடங்கி விரிகின்றன; அதனால் சூடேறுகின்றன. அந்த டயருடன் 80-இல் பறந்தால் டயரே வெடித்துவிடலாம். காற்றைக் குறைத்தவர் வேகத்தையும் குறைத்தே ஆகவேண்டும். தார்ச்சாலை வந்ததும் மறவாமல் காற்றை நிரப்பவேண்டும். வண்டிச் சுமைக்கு ஏற்ற குறைந்த அளவு எது என்பதை டயர் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்துக்கொள்வது அவசியம். ஒரு சிறு காற்றடிக்கும் இயந்திரமும் அழுத்தமானியும் இல்லாமல் இவ்வழியே போகலாகாது.

சுமையை அடுக்குவதிலும் கணக்கு இருக்கிறது. கனமானவை தரையோடு தாழ்வாக, இரண்டு அச்சுகளுக்கும் இடையில் இருக்கட்டும். பின்அச்சுக்கு அப்பால் தொங்கும் சுமை நெம்புகோலாக வேலை செய்து சட்டத்தை வளைக்கிறது. வண்டியும் இச்சாலைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும்: நான்கு சக்கரங்களும் இயங்குவது, அடிப்பாகம் உயர்ந்தது. வாடகை வண்டியானால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தார் இல்லாத சாலைக்குப் பல ஒப்பந்தங்களில் அனுமதி இல்லை. அங்கே உடைந்தால் காப்பீடும் கைகொடுக்காது.

எந்த வேகம் சரி?

மீண்டும் ஓட்டுநர் இருக்கைக்கு வருவோம். காற்றைக் குறைத்துவிட்டீர்கள், அலமாரிகளைக் கட்டிவிட்டீர்கள். இப்போது இந்த வேகமே சரி என்று ஓர் எண்ணைச் சொல்லமுடியுமா? முடியாது. அலைநீளம் இடத்துக்கு இடம் மாறும். சாலை நன்றாக உள்ள இடத்தில் 50 கூடப் போகலாம். அலைகள் ஆழமான இடத்தில் 15-க்கு இறங்கவேண்டியிருக்கும். நடுக்கம் மிகும் வேகத்தில் நீடிக்காமல், அதற்குக் கீழே இறங்கிவிடுவதே முறை. கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்குள் வண்டியை நிறுத்தமுடியுமா என்பதே வேகத்தின் மேல்வரம்பு. ஒரே நாளில் கடக்க நினைத்த வழி மூன்று நாள் ஆகலாம். வீடும் அடுப்பும் உடன் வரும்போது மூன்று நாள் ஆனால்தான் என்ன?

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். அலைகளைச் செய்வதும் நம் சக்கரங்களே. மெதுவாகச் செல்லும் சக்கரமும், காற்றழுத்தம் குறைந்த டயரும் அலையைக் குறைவாகவே வளர்க்கின்றன. அமெரிக்கக் காட்டுச் சாலைகளில் மரம் ஏற்றும் லாரிகளைக்கொண்டு 1980-களில் நடத்திய சோதனைகளும் டயர் அழுத்தத்தைப் பற்றி இதையே காட்டின. உங்கள் வண்டிக்கு நீங்கள் செய்யும் நன்மை பின்னால் வருபவரின் சாலைக்கும் நன்மையாகிறது.

அடுத்த முறை எந்த மண்சாலையிலாவது வேகம் கூடக்கூட வண்டி சுகமாகப் போவதாகத் தோன்றினால் மகிழ்ந்துவிடாதீர்கள். தட்டுகளின் ஓசை நின்ற அந்தக் கணத்தில், சக்கரம் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.